இதைச் செய்யாவிட்டால் என்ன?

குட்டீஸ்... லீவு விட்டதும் வீட்டுக்குப் பின்னால் குட்டித் தோட்டம் போடுவது எத்தனை ஜாலி! ஆனால், பத்தே நாளில் பலருக்கு அலுத்து விடுகிறது. சருகைப் பெருக்கு, மண்ணைக் கொத்து, குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்று என்று வேலை நீண்டுகொண்டே போனால், மண்வெட்டியை மூலையில் போட்டுவிட்டு ஓடத்தானே தோன்றும்?

'எதுக்கு அம்மாயி தினமும் கொத்தணும்?' என்று கேட்டால், 'எங்க காலத்துல இருந்து அப்படித்தான் கண்ணு' என்று பதில் வரும்.

ஜப்பானில் ஒருவர் இந்தப் பதிலோடு நின்றுவிடவில்லை. அவர் பெயர் மசானபு ஃபுகோகா. தாவர நோய்களை ஆராய்ந்து வந்த அவர், 1938ல் வேலையை விட்டுவிட்டுக் கிராமத்துக்குத் திரும்பினார். வழக்கமாகச் செய்யும் ஒவ்வொரு வேலையைப் பார்த்தும், 'இதைச் செய்யாவிட்டால் என்ன?' என்று கேட்டார்.

முதல் முயற்சியே தோல்வி! அவருடைய அப்பா ஆண்டுதோறும் கிளைகளை வெட்டி வளர்த்த ஆரஞ்சு மரங்களை, வெட்டாமல் அப்படியே விட்டார். கிளைகள் சிக்கிக்கொண்டன, பூச்சிகள் புகுந்தன, மரங்கள் பட்டுப் போயின. வெட்டிப் பழக்கிய மரத்தைத் திடீரென்று கைவிடக் கூடாது என்று புரிந்துகொண்டார்.

பிறகு நிதானமாகச் சோதித்தார். வயலை உழாமல் விதைத்து, மேலே வைக்கோலைப் பரப்பினார். விதையைப் பறவைகள் தின்னாமலிருக்க, களிமண்ணில் உருட்டிப் போட்டார். நம்மூர்ப் பள்ளிகளில் செய்கிறோமே விதைப்பந்து, அதேதான்! இந்த அனுபவங்களை, 'ஒற்றை வைக்கோல் புரட்சி' என்ற புத்தகமாக எழுதினார். 1988ல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது.

இனி, நம் பரமத்தி வேலூருக்கு வருவோம். காவிரிக் கரையில் வாழைக்குப் பஞ்சமில்லை. வாழைச் சருகைக் கூட்டி எரிக்காமல், செடியைச் சுற்றிப் பரப்பிவிட்டால் அதுதான் மூடாக்கு. ஆற்றுக்கு அக்கரையில், கரூர் மாவட்டத்தில் 'வானகம்' பண்ணையை உருவாக்கிய நம்மாழ்வார், ஊர் ஊராகச் சொல்லி வந்ததும் இதைத்தான்.

வெயில் நேராக மண்ணில் படாததால், ஈரம் சீக்கிரம் காயாது. வெளிச்சம் கிடைக்காததால், பல களை விதைகள் முளைக்காது. சருகு மக்கினால் மண்புழு வரும். அதுவே மண்ணைத் துளைத்துக் கிளறிக் கொடுக்கும். பிறகு நாம் எதற்குத் தினமும் கொத்த வேண்டும்?

அதற்காக எல்லாவற்றையும் விட்டுவிடக் கூடாது! கொடிக்காலில் அகத்தி நடாவிட்டால், வெற்றிலைக் கொடி எதைப் பிடித்து ஏறும்? எது தேவை, எது தேவையில்லை என்று சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

செய்து பாருங்களேன்!

மூன்றடி நீளத்தில் இரண்டு பாத்தி போடுங்கள். இரண்டிலும் வெண்டை விதையுங்கள். செடி ஒரு சாண் வளர்ந்ததும், ஒன்றை வழக்கம்போல் கொத்துங்கள். மற்றதில் நாலு விரல் உயரம் சருகு பரப்புங்கள். தண்டை ஒட்டிப் போட்டால் அழுகிவிடும். கொஞ்சம் இடைவெளி விடுங்கள். தினமும் மண்ணில் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். எந்தப் பாத்திக்கு எத்தனை குடம் என்று நோட்டில் குறித்து வையுங்கள்.

ஒரு மாதம் கழித்து, அந்த நோட்டை அம்மாயியிடம் காட்டுங்கள். மிச்சமான நேரத்தில், வெண்டைப் பூவுக்கு வரும் தேனீயை உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம். தோட்டம் போட்டது அதற்குத்தானே!