உங்களுக்குத் தெரியுமா? மண் இல்லாமலும் கீரை விளையும்!

மும்பைச் சந்தைகளில் வெள்ளை வேரோடு சின்னச் சின்னக் கட்டுகளாக விற்கும் ‘சமுத்திர மேத்தி’ கடலோர மணலில் விளையும் இளம் வெந்தயக்கீரை.

● மணலும் ஜல்லியும் நிரப்பிய தொட்டியில் உரக் கரைசல் ஊற்றிப் பயிர் வளர்ப்பதே ‘வங்காள முறை’. ஆய்வாளர் ஷோல்டோ டக்ளஸ் 1946-இல் வங்காளத்தின் காலிம்போங் பகுதியில் தொடங்கிய சோதனைகளில் உருவானது. அவரது நூல் 1951-இல் வெளிவந்தது.

● இப்படி மண்ணில்லாமல் சத்துக் கரைசலில் வளர்க்கும் ஹைட்ரோபோனிக்ஸில் தழை, மணி, சாம்பல் சத்துகள் நீரில் கரைந்து நேரே வேருக்குப் போகின்றன. அதே நீர் சுழன்று வருவதால், வயலுக்குத் தேவைப்படும் தண்ணீரில் 90% வரை மிச்சம்.

● கரைசலின் பி.எச். அளவு 5.5 முதல் 6.5 வரை இருந்தால் வேர் சத்தை நன்றாக உறிஞ்சும்.

● மூடிய அறையில் விளக்கொளியில் வளர்த்தால் மின்கட்டணம் எகிறும். வெயில் படும் ஜன்னலோரமே சிக்கனம்.

மும்பை காட்கோபர் அடுக்குமாடி வீட்டிலும் மண்ணில்லாக் கீரை வளர்ப்பைத் தொடங்கலாம். பொள்ளாச்சிப் பக்கமிருந்து வரும் தென்னை நார்த்தூளைத் தட்டில் பரப்பி, ஊறவைத்த வெந்தயத்தைத் தூவி, ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்குள் கூட்டுக்குக் கீரை தயார்!