பாரிஸ் வீதியிற் பத்திரிகை விற்றோர்

நாளைய திகதியிட்ட பத்திரிகையை இன்றே விலைக்கு வாங்கலாம் என்றால் நீங்கள் நகைப்பீர்கள். ஆயினும் நாம் வாழும் இப்பாரிஸ் மாநகரிலே அது வழக்கமாய் நிகழ்வதொன்றே. 1944ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் தொடங்கப்பெற்ற லு மோந்த் நாளிதழ் பிற்பகலில் வெளிவருவது. வெளியூர்களை அது மறுநாட் காலையிலேயே சென்றடையும் ஆதலின், மறுநாளின் திகதியையே தலையில் தாங்கி வருகிறது.

காலைப் பத்திரிகையை வாசகர் தேடிச் செல்வர். பிற்பகற் பத்திரிகையோ வாசகரைத் தேடிச் செல்லவேண்டும். அதனாற்றான் அதனைக் கையிற் சுமந்து, உணவகம் உணவகமாக நுழைந்து, செய்தியைக் கூவி விற்போர் தேவைப்பட்டனர். இத்தொழில் இந்நாட்டிற்குப் புதியதன்று. 1881ஆம் ஆண்டின் பத்திரிகைச் சுதந்திரச் சட்டமே வீதியிற் பத்திரிகை விற்போரைப் பற்றியும் விதி வகுத்துள்ளது.

1970களில் இந்நகரில் இத்தகையோர் பலர் இருந்தனர். இன்று எஞ்சியிருப்பவர் அலி அக்பர் ஒருவரே என்பர். பாகிஸ்தானின் ராவல்பிண்டியிற் பிறந்து, 1970களின் தொடக்கத்தில் இங்கு வந்த இவர், எழுத்தாளரும் மாணவரும் கூடும் சன் ஜெர்மன் பகுதியில் ஐம்பது ஆண்டுகளாகக் கால்நடையாக விற்று வருபவர். நடவாத செய்திகளைத் தாமே புனைந்து உரத்துக் கூவி, கேட்போரைச் சிரிக்கவைத்து விற்பது இவரது உத்தி. பத்திரிகை வெளிவந்த முதல் மணித்தியாலத்திலேயே எண்பது பிரதிகள் விற்ற காலம் உண்டென்றும், இப்பொழுது நாளொன்றுக்கு ஏறத்தாழ முப்பதே விற்கிறதென்றும் அவர் 2025இல் செய்தியாளரிடம் கூறினார். விற்பனையிற் பாதி அவருக்கு. விற்காதவற்றின் நட்டமும் அவருக்கே. அவ்வாண்டு ஜனாதிபதி மக்ரோன் அவருக்கு அரச விருது அளிக்கப்போவதாக அறிவித்தார். தொழில் அழியும் வேளையிலேதான் தொழிலாளியின் அருமை அரசுகளுக்குத் தெரிகிறது போலும்!

இத்தொழில் ஏன் மெலிந்தது? இணையமே காரணம் எனப் பலர் கூறுவர். அது பெரும்பகுதி உண்மையே. ஆனால் இணையம் எல்லோர் கைக்கும் எட்டுமுன்னரே வேறொன்று நிகழ்ந்தது. 2002ஆம் ஆண்டில் மெத்ரோ, வான் மினூத் என்னும் இலவசப் பத்திரிகைகள் பாரிஸிலே தோன்றின. விளம்பரப் பணத்தால் நடந்த அவற்றைச் சுரங்க ரயில் வாயில்களில் நின்று பயணிகளின் கைகளிற் கொடுப்பதற்கு ஆட்கள் அமர்த்தப்பட்டனர். இங்கு நாம் ஒன்றை மறைத்தல் முறையன்று. ஊரிலே கரும்பலகையின் முன் நின்ற நாம், 2008இல் இங்கு அகதியாக வந்த பின்னர், குளிர்காலத்து விடியலில் அவ்வாறு நின்று இலவசப் பத்திரிகை கொடுத்தோம். மிஞ்சியதொன்றை மடித்து வைத்து, திரும்பும் ரயிலில் அகராதியுடன் எழுத்துக்கூட்டி வாசித்தோம். எமது பிரெஞ்சு மொழி அறிவின் பாதி அவ்வாறு வந்ததே.

நாம் நின்ற வாயிலுக்கு எதிரே ஒரு கியோஸ்க் இருந்தது. 1857ஆம் ஆண்டு முதல் பாரிஸ் வீதிகளை அலங்கரிக்கும் பச்சைக் கூண்டுகளில் அதுவும் ஒன்று. அதிலிருந்த முதியவர் எமது காலை வணக்கத்திற்குப் பதில் சொல்வதில்லை. நிறத்தை வெறுக்கிறார் என்றே நெடுநாள் எண்ணியிருந்தோம். ஒருநாள் மழைக்கு அவரது கூரையின் கீழ் ஒதுங்கியபொழுது, "நீர் சும்மா கொடுப்பதைத்தான் நான் விற்கிறேன்" என்றார். கோபம் இல்லாமற்றான் சொன்னார். எமக்கோ அன்று முழுவதும் கை கூசியது. எனினும் மறுநாளும் அவ்விடத்திலேயே நின்றோம். வீட்டு வாடகை இருந்ததே.

பின்னர் கைத்தொலைபேசி, இலவசத்தையும் விழுங்கியது. மெத்ரோ 2015இல் அச்சிடப்படுவது நின்றது. பத்திரிகைகளை நாடெங்கும் விநியோகித்த பெருநிறுவனம் 2020இல் வங்குரோத்து நிலையடைந்தது.

பெற்றோர்களுக்கு 1990களின் யாழ்ப்பாணம் நினைவிருக்கும். பொருளாதாரத் தடையால் அச்சுத்தாள் அருகி, கோடிட்ட கொப்பித் தாளிலும் பத்திரிகை அச்சான காலம். மின்சாரம் இல்லை, வானொலி கேட்பதற்கும் சைக்கிள் டைனமோவைச் சுழற்றவேண்டும். எமது ஒழுங்கைக்குப் பத்திரிகை கொண்டுவரும் அண்ணை, எந்த ஊர்ச் சனம் இடம்பெயர்ந்தது, எங்கே செல் விழுந்தது என்பவற்றைப் படலையிற் சைக்கிளைச் சாய்த்தவாறே சொல்லிவிடுவார். எமது அம்மா முதலில் அவர் முகத்தைப் பார்ப்பார். முகத்தைக் கண்ட பின்னரே பத்திரிகையைக் கேட்பார். ஒரு பிரதி நான்கு வீடு சென்று, மாலையில் வாசிகசாலைக்குக் கந்தலாகவே போய்ச்சேரும்.

சென்ற மாதம் அந்தச் சுரங்க ரயில் வாயிலுக்கு மீண்டும் போனோம். கூண்டு நிற்கிறது. முதியவர் இல்லை. அவரிருந்த இடத்தில் ஓர் இளைஞர் ஈஃபிள் கோபுரச் சாவிக்கொத்துக்களும் குளிர்பானமும் விற்கிறார். உட்புற மூலையிலே, ஒரு கட்டு லு மோந்த் அவிழ்க்கப்படாமற் கிடந்தது. ஒன்று தருமாறு கேட்டோம். கட்டை அறுப்பதற்குக் கத்தியைத் தேடிச் சிறிது நேரம் எடுத்தார். திகதியைப் பார்த்தோம். நாளையதே.