மருந்து என்று பெயர். நஞ்சு என்று பொருள்!

ஊரில் ஒரு வீட்டு வாசலில் கூட்டம். பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுகிறார்கள். "என்ன நடந்தது?" என்று கேட்கிறோம். "மருந்தைக் குடித்துவிட்டான்" என்கிறார்கள். உடனே நமக்குப் புரிந்துவிடுகிறது. மருந்து குடித்தால் நோய் தீருமே, ஏன் அழுகிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை!

பூச்சிக்கு அடிப்பது மருந்து. களைக்கு அடிப்பது மருந்து. எலிக்கு வைப்பது மருந்து. மாட்டுக்குப் போடுவதும் மருந்து. கொல்லுவதற்கும் காப்பதற்கும் ஒரே பெயரை வைத்துக்கொண்டு, அந்தப் பெயரை நம்பி, வெறுங்கையால் கலக்கி, வெறுங்காலோடு வயலில் இறங்குகிறான் உழைப்பாளி.

சர்க்கார் என்ன செய்கிறது? சட்டம் போட்டிருக்கிறது. இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சட்டம் எப்போது வந்தது, யாருக்குப் பின்னால் வந்தது, யார் கைவரை வந்து சேர்ந்தது — இந்த மூன்று கேள்விகளைத்தான் இன்று கேட்கிறோம்.

பாடைக்குப் பின்னால் வந்த சட்டம்

1958-ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்கள். கேரளத்தில் வீடு வீடாக மக்கள் சாய்ந்தார்கள். உண்ட உணவே உயிரைக் குடித்தது. காரணம் என்ன? உணவுச் சரக்கோடு சேர்த்து ஏற்றி வரப்பட்ட பூச்சிக்கொல்லி, உணவிலே கசிந்துவிட்டது. பாரதியான் என்பது அந்த நஞ்சின் பெயர். பாலிடால் என்று சொன்னால் நம் ஊர்ப் பெரியவர்களுக்கு உடனே விளங்கும். நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். அவர்கள் வயலுக்குப் போகவில்லை; தெளிப்பானைத் தொடவில்லை. பசிக்கு உண்டார்கள், அவ்வளவுதான் அவர்கள் செய்த குற்றம்!

நீதிபதி ஜே.சி.ஷா தலைமையில் கமிஷன் அமைந்தது. கேரளத்திலும் அன்றைய சென்னை ராஜ்யத்திலும் நடந்த நச்சுணவுச் சாவுகளை அது விசாரித்தது. இந்த நஞ்சுகளை இறக்குமதி செய்யவும், செய்யவும், விற்கவும், ஏற்றிச் செல்லவும் ஒரு முறை வேண்டும் என்ற எண்ணம் அதற்குப் பிறகுதான் டில்லிக்கு உறைத்தது. உறைத்த பிறகாவது வேகம் வந்ததா? பூச்சிக்கொல்லிச் சட்டம் நிறைவேறியது 1968-ல். நடைமுறைக்கு வந்தது 1971 ஆகஸ்டில். பிணம் விழுந்தது 1958-ல். சட்டம் நடக்கத் தொடங்கியது பதின்மூன்று ஆண்டுகள் கழித்து!

பாடை முன்னே போயிற்று. சட்டம் பின்னே வந்தது. அன்று தொடங்கிய அந்த ஊர்வலம் இன்னும் அதே வரிசையில்தான் போய்க்கொண்டிருக்கிறது.

ஏட்டில் இருப்பது என்ன?

சட்டத்தைப் படித்துப் பாருங்கள், தோழர்களே! நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்கள். பதிவு செய்யாத பூச்சிக்கொல்லியை எவரும் செய்யக்கூடாது, இறக்குமதி செய்யக்கூடாது. பதிவு செய்வதற்கு டில்லியில் ஒரு கமிட்டி. விற்பதற்கு லைசென்ஸ். ஒவ்வொரு டப்பாவிலும் சாய்சதுரமாக ஒரு கட்டம். அதன் கீழ்ப்பாதியிலே வண்ணம். சிவப்பு என்றால் மிகக் கொடிய நஞ்சு. மஞ்சள் என்றால் கொடிய நஞ்சு. நீலம் என்றால் நடுத்தரம். பச்சை என்றால் குறைந்த நஞ்சு. சிவப்புக்கு மேலே மண்டையோடும் எலும்பும்!

1971-ஆம் ஆண்டு விதிகள் இன்னும் அழகு. நஞ்சைக் கையாள்கிறவர்களுக்கும் தெளிக்கிறவர்களுக்கும் வேலையில் சேரும் முன்பே மருத்துவப் பரிசோதனை. பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. பாரதியான் இனத்து நஞ்சோடு பழகுகிறவர்களுக்கு மாதந்தோறும் இரத்தப் பரிசோதனை. பாதுகாப்பு உடை, முகமூடி, முதலுதவிப் பொருள், மாற்று மருந்து, பயிற்சி — எல்லாம் ஏட்டில் இருக்கின்றன.

கேட்கிறோம்: கூலிக்கு மருந்து அடிக்கும் நம் தோழர்களில், இரத்தப் பரிசோதனை செய்துகொண்டவர் எத்தனை பேர்? கையுறையைக் கண்ணால் கண்டவர் எத்தனை பேர்? வாய்க்கு ஒரு துண்டு, காலுக்கு ஒன்றுமில்லை, முதுகிலே நஞ்சு சுமந்த டேங்க். அதைக் கலக்கத் தண்ணீர் சுமந்து ஊற்றுகிறவள் அவன் மனைவி. நஞ்சு நனைந்த சட்டையை இரவு துவைக்கிறவளும் அவளே!

விதி இருந்தும் ஏன் இந்த நிலை? அதே சட்டத்தின் 38-ஆவது பிரிவைப் புரட்டுங்கள். வீட்டு உபயோகத்துக்கும், வீட்டுத் தோட்டத்துக்கும், தன் சாகுபடியில் உள்ள நிலத்துக்கும் ஒருவர் பூச்சிக்கொல்லியைப் பயன்படுத்தினால் அதற்கு இந்தச் சட்டம் பொருந்தாது! நஞ்சு போய்ச் சேருகிற இடமே வயல்தான். அந்த வரப்புக்கு வந்ததும் சட்டம் செருப்பைக் கழற்றிவிட்டு வெளியே நின்றுவிடுகிறது. சிறு விவசாயியைக் கோர்ட்டுக்கு இழுக்கக்கூடாது என்பது நியாயம், அதை ஏற்கிறோம். ஆனால் நிலம் ஒருவருடையது, நஞ்சு சுமக்கிற முதுகு வேறொருவனுடையது என்று இருக்கும்போது, அந்த முதுகுக்குக் காவல் யார்?

யவத்மாலின் சாட்சி

பதில் இல்லாத கேள்விக்கு 2017-ல் மராட்டியத்தின் யவத்மால் மாவட்டம் பதில் சொல்லிற்று. பருத்திக் காட்டில் மருந்து அடித்தவர்கள் இருபது பேருக்கு மேல் மாண்டார்கள். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் கிடந்தார்கள். அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் விசாரணைக் குழு வந்தது. சில மருந்துகளுக்குத் தற்காலிகத் தடை வந்தது. மறுபடியும் அதே ஊர்வலம்: பாடை முன்னே, சட்டம் பின்னே.

அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னால், 2013 ஜூலையில், பீகாரின் சாரண் மாவட்டத்தில் பள்ளியில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். உணவில் இருந்த நஞ்சு மோனோகுரோட்டோபாஸ் என்று பரிசோதனை சொன்னது. இது புதிதாகக் கண்டுபிடித்த பூதமா? இல்லை. காய்கறிப் பயிருக்கு இதை அடிக்கக்கூடாது என்று 2005-லேயே தடை. இந்த நஞ்சைப் பற்றி எச்சரித்து உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே அறிக்கை வெளியிட்டது. காய்கறிக்குக் கூடாது, பருத்திக்கு ஆகும் என்றால், கடைக்காரர் டப்பாவைக் கொடுக்கும்போது அது எந்த வயலுக்குப் போகிறது என்று பின்னாலேயே போய்ப் பார்ப்பாரா? இந்தக் கேலிக்கூத்து முடிய 2023 ஆயிற்று. அந்த ஆண்டில்தான் அதன் 36 சதவீதத் திரவத்துக்குத் தடை வந்தது. அப்போதும் கையிருப்புச் சரக்கு தீர அவகாசம்! சரக்குக்கு அவகாசம் உண்டு, சாகிறவனுக்குத்தான் இல்லை.

மாட்டுக்குப் போட்டது பாறுக்கு எமன்

பூச்சி மருந்து வேளாண் இலாகாவின் பொறுப்பு. மாட்டு மருந்தோ 1940-ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தின் கீழே சுகாதார இலாகாவின் பொறுப்பு. இலாகா வேறே தவிர கதை ஒன்றுதான்.

டைக்ளோஃபினாக் என்று ஒரு வலி மருந்து. காய்ச்சலில் கிடக்கும் மாட்டுக்கு, நொண்டும் எருதுக்கு ஊசி போட்டார்கள். விலை மலிவு, வலி தணிந்தது. சில மாடுகள் செத்தன. செத்த மாட்டைத் தின்னப் பாறுகள் வந்தன. மாட்டின் உடலில் மிஞ்சியிருந்த மருந்து பாறின் சிறுநீரகத்தைச் செயலறச் செய்தது. 1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகள் ஆயிரத்துக்கு ஒன்று என்கிற அளவுக்குக் குறைந்துபோயின!

"பிணந்தின்னிக் கழுகு போனால் நமக்கென்ன?" என்று கேட்கலாம். ஊருக்கு வெளியே போட்ட மாட்டைச் சில மணி நேரத்தில் எலும்பாக்கிவிட்டுப் போகும் தோட்டி அது. கூலி கேட்காத தொழிலாளி! அது போன பிறகு பிணம் நாறியது, தெருநாய் பெருகியது, நாயோடு வெறிநோய்ப் பயமும் பெருகியது. இன்று தமிழ்நாட்டில் பாறுகளைப் பார்க்க வேண்டுமானால் நீலகிரி அடிவாரத்து மாயாறு பள்ளத்தாக்குக்குப் போக வேண்டியிருக்கிறது.

காரணம் இந்த மருந்துதான் என்று 2004-ல் பாகிஸ்தானில் நடந்த ஆராய்ச்சி காட்டியது. 2006-ல் இந்தியாவில் மாட்டுக்கான டைக்ளோஃபினாக் தடை செய்யப்பட்டது. நல்லது. ஆனால் மனிதருக்கென்று விற்ற பெரிய குப்பி இருந்ததே! மனிதனுக்குப் போடும் அளவைவிடப் பல மடங்கு பெரிய குப்பி யாருக்காக? மாட்டுக்குத்தான். வாசலை அடைத்துவிட்டுப் புழக்கடையைத் திறந்து வைத்தார்கள். 2015-ல்தான் குப்பி 3 மில்லிக்கு மேல் கூடாது என்று உத்தரவு. மருந்துக் கம்பெனிகள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயின; 2017-ல் நீதிமன்றம் சர்க்காரின் உத்தரவையே உறுதி செய்தது. அதே கேட்டைச் செய்யும் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் ஆகிய மருந்துகளுக்கு 2023-ல் தடை வந்தது. இத்தனைக்கும் பாறுக்குத் தீங்கு செய்யாத மெலோக்சிகாம் என்கிற மருந்து கையிலேயே இருந்தது!

விற்பதற்கு முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை, விற்றுக் கொன்று முடித்த பிறகு கேட்கிறார்கள். பூச்சி மருந்திலும் அதே குற்றம். மாட்டு மருந்திலும் அதே குற்றம்.

"மருந்தில்லாமல் விளையுமா?"

இப்படிக் கேட்பார்கள் சில மேதாவிகள். "இதையெல்லாம் தடுத்தால் விளைச்சல் போய்விடும், நாடு பட்டினி கிடக்கும்" என்று பயமுறுத்துவார்கள். எல்லா மருந்தையும் கடலில் கொட்டச் சொல்லவில்லை நாம். பூச்சியோடு போராடும் விவசாயியின் வேதனை நமக்குத் தெரியாததல்ல. கொடிய நஞ்சை விலக்கு, பதிலுக்கு ஆபத்துக் குறைந்ததைக் கொடு என்றுதான் சொல்கிறோம்.

முடியுமா? பக்கத்து இலங்கையைப் பாருங்கள். 1995-ல் மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட மிகக் கொடிய நஞ்சுகளை விலக்கினார்கள். 1998-ல் என்டோசல்பானை விலக்கினார்கள். அடுத்த பத்து ஆண்டுகளில் அந்நாட்டின் தற்கொலை விகிதம் பாதியாகக் குறைந்தது. விளைச்சல் விழுந்ததா? விழவில்லை என்றுதான் ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். ஒரு நொடி ஆத்திரத்தில், வறுமையில், கடன் தொல்லையில் டப்பாவைத் தேடுகிறவன் கைக்கு எட்டும் இடத்தில் கொடிய நஞ்சு இல்லையென்றால், அவன் பிழைக்கிறான். மறுநாள் மனம் மாறுகிறான். மக்களைப் பெற்றவனாக வாழ்கிறான். சட்டம் பாடைக்கு முன்னால் நடந்தால் பாடையே தேவைப்படாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அறுபது நாள் அதிகாரம்!

சரி, நம் மாநிலம் அப்படிச் செய்யக்கூடாதா? இங்கேதான் இருக்கிறது சூட்சுமம். சட்டத்தின் 27-ஆவது பிரிவு மாநில அரசுக்குத் தரும் அதிகாரம் என்ன? அவசர ஆபத்து என்றால் 60 நாள் தடுத்து வைக்கலாம். விசாரணை முடியவில்லையா? மேலும் 30 நாள். அவ்வளவுதான்! நிரந்தரத் தடை டில்லியின் கையில்.

தற்கொலைகளைத் தடுக்க வேண்டித் தமிழ்நாடு 2023-ல் ஆறு மருந்துகளைத் தடை செய்தது. எத்தனை நாளுக்கு? 60 நாளுக்கு! வெளிநாட்டுக்குப் போகும் பாசுமதி அரிசியில் நஞ்சு மிஞ்சக்கூடாது என்று பஞ்சாப் அரசும் 2022-லும் 2023-லும் பத்து மருந்துகளைத் தடுத்தது. அதுவும் 60 நாளுக்குத்தான்! அந்நியன் தட்டில் விழும் சோற்றுக்குக் கூட அறுபது நாள் காவல்தான் என்றால், உள்ளூர் ஏழையின் தட்டுக்கு என்ன காவல்?

பிணம் விழுவது மாநிலத்தில். அழுகை கேட்பது மாநிலத்தில். மருத்துவமனைச் செலவு மாநிலத்தின் தலையில். அதிகாரம் மட்டும் டில்லியில்! 1968-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2008-ல் ஒரு மசோதா வந்தது. 2020-ல் இன்னொரு மசோதா வந்தது. எத்தனை மசோதா வந்தாலும், நாம் அதில் தேடவேண்டியவை மூன்று. மாநிலத்துக்கு நிரந்தரமாகத் தடுக்கும் உரிமை உண்டா? கூலிக்குத் தெளிப்பவனின் உடலுக்குப் பொறுப்பாளி யார் என்று எழுதியிருக்கிறதா? செத்தவன் குடும்பத்துக்கு நஷ்டஈடு தருவது யார் என்று சொல்கிறதா? இந்த மூன்றும் இல்லாத சட்டம், அட்டை மாற்றிய பழைய புத்தகம்தான்.

நாம் செய்ய வேண்டியது

சட்டம் திருந்தும் வரை கை கட்டி நிற்க வேண்டியதில்லை, தோழர்களே! ஒவ்வொரு கிளையும் தன் ஊரில் இதைச் செய்யலாம். டப்பாவில் உள்ள வண்ணக் கட்டத்தின் பொருளை எழுத்தறியாத தோழருக்கும் சொல்லுங்கள்; நிறத்தைப் பார்க்க எழுத்துத் தெரிய வேண்டாம். ரசீது இல்லாமல் மருந்து வாங்க விடாதீர்கள். கூலி பேசும்போதே கையுறைக்கும் முகமூடிக்கும் சேர்த்துப் பேசுங்கள். காற்றை எதிர்த்து அடிக்க வேண்டாம். காலி டப்பாவில் எண்ணெயோ தண்ணீரோ வைக்க விடாதீர்கள். 23 பிஞ்சுகளை மறக்க வேண்டாம். யாருக்காவது மயக்கம், வாந்தி, வியர்வை என்றால் அந்த நிமிடமே மருத்துவமனை. டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள். எந்த நஞ்சு என்று தெரிந்தால்தான் டாக்டர் எந்த மாற்று மருந்து என்று முடிவு செய்வார். ஊரில் நடக்கும் ஒவ்வொரு நஞ்சுச் சம்பவத்தையும் வேளாண் அதிகாரிக்கு எழுதிக் கொடுங்கள். இத்தகைய சம்பவங்களைக் கேட்டுப் பெறச் சட்டத்தின் 26-ஆவது பிரிவே இடம் தருகிறது. கணக்கில் ஏறாத சாவுக்கு எந்தச் சர்க்காரும் பதில் சொல்லாது.

மாட்டுக்கு ஊசி போட வருகிறவரிடம் என்ன மருந்து என்று கேளுங்கள். கேட்பது குற்றமல்ல, கேட்காமல் இருந்ததுதான் இத்தனை நாளும் நாம் செய்த குற்றம்.

வயலில் விளைவது உழைப்பவன் வியர்வையால். அந்த வியர்வையோடு அவன் உயிரும் சேர்ந்து ஒழுகக்கூடாது. பாடைக்குப் பின்னால் நடந்து பழகிய சட்டத்தை முன்னால் இழுத்து வந்து நிறுத்துவோம். இழுக்கும் கைகள் நம்முடையவை!