நன்கொடைக் கண்காட்சியில் பன்பாய்க்கு என்ன விலை?

நல்ல காரியத்துக்கு நிதி சேர்ப்பதற்காக ஓவிய, கைவினைக் கண்காட்சி வைப்பது எமது ஊர்களிலும் இப்போது பழக்கமாகி வருகிறது. மண்டபம் இலவசம், ஒலிபெருக்கி இலவசம், பிள்ளைகள் வரைந்த படங்களும் பெண்கள் செய்த கைவேலைகளும் இலவசம். வருகிற காசெல்லாம் நிதிக்கு. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வியாபாரிகளாகிய நாம் இதில் ஒரு கணக்கைப் பார்க்கத் தவறிவிடுகிறோம். தவறவிட்டவர்களில் நானும் ஒருவன் என்பதால்தான் எழுதுகிறேன்.

2023இல் எமது ஊரில், சிறுநீரக நோயாளிகளின் மருந்துச் செலவுக்காக ஒரு நாள் கண்காட்சி நடத்தினோம். முப்பது வருடமாகத் துணி வியாபாரம் செய்பவன் என்று விற்பனைப் பொறுப்பை என்னிடம் தந்தார்கள். சித்திர ஆசிரியர் ஒருவரின் ஓவியங்கள், மத்ரஸா மாணவர்களின் அரபு எழுத்தணிகள், அவற்றோடு சுவரில் தொங்கவிடும் பன்பாய்கள் பதினான்கு. பாய்களை இழைத்தவர் எங்கள் பக்கத்துத் தெருவில் இருக்கும் ஒரு விதவைச் சகோதரி. நட்சத்திரம், மயில், பள்ளிவாசல் மினாரா என்று ஒவ்வொன்றிலும் ஒரு வேலைப்பாடு.

எழுத்தணிகளை ஏலத்தில் விட்டோம். ஜும்ஆவுக்குப் பிறகு தேங்காயும் ஆடும் ஏலம் போவதைப் பார்த்துப் பழகிய ஊர் இது. கண்ணாடிச் சட்டம் போட்ட ஒன்றை 5,000 ரூபாவில் தொடங்கினோம். இரண்டு ஹாட்வெயார் முதலாளிமார் விட்டுக்கொடுக்காமல் ஏற்றி 40,000 வரை கொண்டுபோனார்கள். அவர்களுக்கு எழுத்து முக்கியமா, மற்றவரை வெல்வது முக்கியமா என்பது வேறு கதை; நிதிக்கு நல்லதாய்ப் போயிற்று.

பாய்களுக்கு நான் 1,500 ரூபா விலை போட்டேன். லுஹருக்குள் ஆறு போனது. அஸருக்குப் பிறகும் எட்டுப் பாய்கள் தொங்கிக்கொண்டிருந்தன. துணிக்கடைக்காரனின் கை சும்மா இருக்குமா? பெருநாள் முடிந்தால் மிஞ்சிய சரக்கைத் தள்ளிவிடுவதுதான் எமது வழக்கம். விலையை 1,000 ஆக்கினேன். எட்டும் போய்விட்டன. மொத்தம் 17,000 ரூபா. எல்லாவற்றையும் நிதிக்குக் கொடுத்து, ஒலிபெருக்கியில் நன்றியும் சொன்னோம்.

மூன்று நாள் கழித்து அந்தச் சகோதரி கடைக்கு வந்தார். நெடுநேரம் துணி பார்ப்பது போல நின்றுவிட்டு, "காக்கா, பன் வாங்கின காசாவது வருமா? கடன் வாங்கித்தான் வாங்கினேன்" என்றார்.

உட்காரவைத்துக் கணக்குக் கேட்டேன். பன்னுக்கும் சாயத்துக்கும் ஒரு பாய்க்கு 600 ரூபா. கரைத்துணி, தடி, கயிறு 350. ஆக முதல் 950. பதினான்குக்கும் 13,300. வெட்டிய பன்னைக் காயவைத்து, சாயத்தில் அவித்து, தரையில் குந்தியிருந்து இழைக்க, சமையலுக்கு இடையில் நாளைக்கு மூன்று நான்கு மணி நேரமாக ஒரு பாய்க்கு ஐந்து நாள். பதினான்குக்கும் எழுபது நாள்.

இப்போது பாருங்கள். நாம் பெருமையாக அறிவித்த 17,000இல் 13,300 அவருடைய கைமுதல். மிச்சம் 3,700. எழுபது நாள் உழைப்பு எந்தக் கணக்கிலும் இல்லை. ஊரிலேயே அந்த நிதிக்கு அதிகம் கொடுத்தவர்களில் ஒருவர், கொடுக்க வசதியில்லாத ஒரு பெண். அவரிடம் யாரும் சம்மதம் கேட்கவும் இல்லை. மனமுவந்து தந்தால் அது ஸதகா. கேட்காமல் எடுத்தால் அதற்கு வேறு பெயர். வியர்வை உலர்வதற்கு முன் கூலி கொடுக்கச் சொல்லும் ஹதீஸ் எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம்தான்.

விலை குறைத்ததும் என் பிழை. துணிக்கு அடுத்த பெருநாளில் மவுசு போய்விடும். பாய்க்கு அப்படி எதுவும் இல்லை. விற்காததைச் சுருட்டி வைத்திருந்தால் அடுத்த வருடம் விற்றிருக்கலாம். முதலில் 1,500 கொடுத்தவர்களில் ஒருவர் 1,000 பலகையைப் பார்த்துவிட்டு என்னை முறைத்துக்கொண்டு போனது இன்னொரு பக்கம்.

அவருடைய 13,300ஐ நான் கொடுத்தேன். அதைப் பெரிதாகச் சொல்லவில்லை. அது பிழைக்குரிய தண்டம்.

கொழும்பில் ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில் நடக்கும் 'கலா பொல'வுக்கு ஒருமுறை போயிருக்கிறேன். ஜோர்ஜ் கீற் மன்றம் 1993இல் ஆரம்பித்த திறந்தவெளி ஓவியச் சந்தை அது. வரைந்தவர்களே தெருவோரத்தில் படங்களோடு நிற்கிறார்கள். வாங்குபவர் அவர்களிடமே கேட்டு, பேசி வாங்குகிறார். அந்த ஞாபகத்தில், 2024இல் மறுபடியும் கண்காட்சி வைத்தபோது இரண்டு விடயங்களை மாற்றச் சொன்னேன்.

ஒன்று, விலைச்சீட்டு. "செய்தவருக்கு 2,700, நிதிக்கு 800, மொத்தம் 3,500" என்று எழுதி ஒட்டினோம். முதல் போக அவருக்கு நாளொன்றுக்கு 350 ரூபாதான் வருகிறது, அதுவும் குறைவுதான். இரண்டாவது, அந்தச் சகோதரியையே பெண்கள் பக்கத்து மேசையில் இருக்கச் சொன்னோம். அவர் சும்மா இருக்கத் தெரியாதவர். பாதி இழைத்த பாயைக் கொண்டுவந்து தரையில் விரித்து வேலையைத் தொடங்கிவிட்டார். சுற்றிக் கூட்டம் கூடியது. போன வருடம் "பாய்க்கு 1,500ஆ?" என்று கேட்டவர்கள், ஒரு வரி இழைக்க எவ்வளவு நேரம் போகிறது என்று கண்ணால் கண்ட பிறகு வாய் திறக்கவில்லை.

இன்னொரு சின்ன விடயம். முதல் வருடம் பழைய பத்திரிகையில் சுற்றிக் கொடுத்தோம், மடிந்து கெட்டுப்போயின. இம்முறை துணிச் சுருளுக்குள் இருக்கும் காட்போட் குழாய்களை அறுத்துக் கொண்டுபோனேன். கடையில் குப்பைக்குப் போவது. அதில் சுற்றிக் கொடுத்ததும் கட்டாரிலிருந்து விடுமுறையில் வந்த இளைஞர்கள் இரண்டு மூன்றாக வாங்கினார்கள். பயணப்பெட்டியில் வைக்கலாம் அல்லவா?

பதினாறில் பதினொன்று விற்றது. ஐந்தைத் திருப்பிக் கொடுத்தோம், விலை குறைக்கவில்லை. குழுவில் ஒருவர், "போன முறை பாயில் 17,000 வந்தது, இந்த முறை 8,800தானே" என்று குறைப்பட்டார். போன வருடக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். 3,700 எங்கே, 8,800 எங்கே? அவர் மளிகைக் கடைக்காரர், இரண்டு நிமிடத்தில் விளங்கிக்கொண்டார்.

பாசிக்குடாப் பக்கம் விடுதி நடத்தும் ஒருவர் அன்று பாய்களைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். அறைகளுக்கு இருபது வேண்டும், ஒன்று 2,000க்குத் தருவாரா என்று பிறகு என்னிடம் கேட்டனுப்பினார். மொத்தமாக எடுப்பவருக்கு ஒரு விலை இருக்கத்தானே வேண்டும் என்று நானும் போய்ச் சொன்னேன். அவர் பன்னிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"அந்த விலைக்கு அவரையே இழைக்கச் சொல்லுங்க காக்கா."

3,000க்குப் பேச்சு நடக்கிறது.