மகள் போனில் அழும்போது

பெருநகரத்து பி.ஜி. (பேயிங் கெஸ்ட்) விடுதி ஒன்றில் தங்கி வேலை பார்க்கும் 22 வயது மகள் இரவு பத்து மணிக்கு மேல் வீட்டுக்கு அழைக்கிறாள். டீம் லீடர் எல்லோர் முன்னாலும் திட்டிவிட்டார், ரூம்மேட் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, ஸ்கூட்டி வழியில் நின்றுவிட்டது, மாசக் கடைசிக்குள் சம்பளம் தீர்ந்துவிட்டது. எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து, 'என்னால முடியலைம்மா' என்று அழுகை. ஸ்பீக்கரில் போட்டுக் கேட்கும் வீட்டில் அம்மா 'சாப்பிட்டியா?' என்பார். அப்பா 'அந்த ஆள் நம்பரைக் கொடு, நான் பேசறேன்' என்பார். கடைசியில் யாராவது ஒருவர் 'பேசாம வேலையை விட்டுட்டு ஊருக்கு வந்துடு' என்பார். மனசு ஆறியதும் மகள் தூங்கப் போய்விடுவாள். தூக்கம் தொலைப்பது பெற்றோர்தான். மறுநாள் பதறிப்போய் அழைத்தால், 'அதுவா? சரியாயிடுச்சும்மா, மீட்டிங்ல இருக்கேன்' என்று பதில் வரும்.

இப்படி நான்கைந்து முறை நடந்தபின் பெற்றோர் இரண்டில் ஒரு முடிவுக்கு வருகிறார்கள். ஒன்று, இவளுக்கு எதற்கெடுத்தாலும் அழுகை என்று அலட்சியம். அல்லது, இவளால் தனியே சமாளிக்கவே முடியாது என்ற பயம். இரண்டுமே தவறு என்பது என் கருத்து. இந்த அழைப்புகளில் பெரும்பாலானவை சில்லறை விஷயங்கள்தான். ஆனால் சில்லறை விஷயம் வீட்டில் எப்படிக் கேட்கப்படுகிறதோ, அதைப் பொறுத்துத்தான் நாளை உண்மையான ஆபத்து ஒன்று வந்தால் அதை அவள் வீட்டில் சொல்வாளா, மறைப்பாளா என்பது தீர்மானமாகிறது.

இருபதுகளின் கொந்தளிப்பு

18 வயதுக்கும் 25 வயதுக்கும் இடைப்பட்ட காலத்தை வளரிளம் பருவமும் அல்லாத, முழு முதிர்ச்சியும் அல்லாத தனிப் பருவமாகப் பார்க்க வேண்டும் என்று அமெரிக்க உளவியலாளர் ஜெஃப்ரி ஆர்னெட் 2000-ல் எழுதினார். உணர்ச்சியைக் கட்டுக்குள் வைக்க உதவும் மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதிவரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. இதை வைத்து 'மூளையே இன்னும் வளரலை' என்று மகளைக் குழந்தையாக்கிவிடுவது சுலபம். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. அவசரமோ பதற்றமோ இல்லாத சூழலில் யோசித்து முடிவெடுக்கும் திறன் ஏறக்குறைய 16 வயதிலேயே பெரியவர்களின் அளவை எட்டிவிடுகிறது என்று லாரன்ஸ் ஸ்டைன்பர்க்கும் அவரது சகாக்களும் பல நாடுகளில் நடத்திய ஆய்வுகள் காட்டுகின்றன. பின்தங்குவது உணர்ச்சி பொங்கி நிற்கும் நேரத்து நிதானம்தான். ஆக, இரவில் அழும் மகளும் காலையில் தெளிவாகப் பேசும் மகளும் ஒரே ஆள். இரண்டில் ஒன்று நடிப்பு என்று நினைக்க வேண்டியதில்லை. வேலையை விடுவதா, அறை மாறுவதா என்பதை இரவுப் பேச்சில் முடிவு செய்யக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

'எங்க காலத்துல 22 வயசுல கையில குழந்தை. நாங்க அழுதோமா?' என்று கேட்கும் அம்மாக்கள் உண்டு. அழுதிருப்பார்கள், சொல்ல ஆளில்லை. அன்று இன்லண்ட் லெட்டரில் எழுதிய குறை பிறந்த வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அந்தக் குறையே தீர்ந்திருக்கும், அல்லது பழகியிருக்கும். இன்று அழுகை தொடங்கிய நிமிடமே நம் காதுக்கு வந்துவிடுகிறது. மகள்கள் பலவீனமாகிவிட்டார்கள் என்று நமக்குத் தோன்றுவதில் பாதிப் பங்கு செல்போனுடையது.

அதற்காக எல்லாமே வெறும் பருவக் கொந்தளிப்பு என்று ஒதுக்கவும் முடியாது. வாழ்நாளில் எப்போதாவது மனநலப் பிரச்சினைக்கு ஆளாகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அது 24 வயதுக்குள் தொடங்கிவிடுகிறது என்று ரொனால்ட் கெஸ்லர் குழுவினர் 2005-ல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு சொல்கிறது. சாதாரணக் கலக்கமும் நோயின் தொடக்கமும் ஒரே வயதில், ஒரே குரலில் வருகின்றன. பெற்றோரின் சிக்கலே இதுதான்.

சொல்வதற்கு அவள் கொடுக்கும் விலை

பிள்ளையைப் பற்றிப் பெற்றோருக்குத் தெரிந்தவை எந்த வழியாக வருகின்றன? கண்காணிப்பின் வழியாக என்றுதான் நாம் நம்புகிறோம். லொக்கேஷன் பகிரச் சொல்வது, விடுதிக் காப்பாளருக்கு போன் போடுவது, தோழிகளின் எண்களை வாங்கி வைப்பது எல்லாம் அந்த நம்பிக்கையில்தான். ஸ்வீடனில் ஹோகன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் இருவரும் 14 வயதுப் பிள்ளைகள் 703 பேரையும் அவர்களின் பெற்றோரையும் ஆராய்ந்து 2000-ல் வெளியிட்ட முடிவு வேறு. பெற்றோர் அறிந்திருந்தவற்றில் பெரும்பகுதி, பிள்ளைகள் தாமாக வந்து சொன்னவை. துருவிக் கேட்டும் கட்டுப்படுத்தியும் தெரிந்துகொண்டது குறைவு. வீட்டிலேயே இருக்கும் 14 வயதுப் பிள்ளைகளின் நிலையே இது என்றால், வேறு ஊரில், சொந்தச் சம்பளத்தில் வாழும் 22 வயதுப் பெண்ணைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அவள் சொன்னால் உண்டு, சொல்லாவிட்டால் இல்லை.

அவள் எப்போது சொல்வாள்? சொல்வதால் வரும் நஷ்டம் சொல்வதால் கிடைக்கும் ஆறுதலைவிடக் குறைவாக இருக்கும்போது. இந்த இடத்தில் நம் வீடுகளைக் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும். மகனும் வெளியூரில் வேலை பார்த்துக் கஷ்டப்படுகிறான். அவன் புலம்பினால் கிடைப்பது புத்திமதி. மகள் புலம்பினால் கிடைப்பது திரும்பி வரச்சொல்லும் உத்தரவு, அதன் பின்னாலேயே கல்யாணப் பேச்சு. பஸ்ஸில் ஒருவன் தொந்தரவு செய்தான் என்று சொன்னால் மாலை வகுப்பு நிறுத்தப்படுகிறது. மேலாளர் கடுமையாக நடந்துகொள்கிறார் என்றால் 'நீ வேலைக்குப் போய்த்தான் இங்கே அடுப்பு எரியணுமா?' என்ற கேள்வி வருகிறது. அம்மாவிடம் மட்டும் என்று சொன்ன செய்தி மறுநாள் சித்தியின் வாட்ஸ்அப் விசாரிப்பாகத் திரும்பி வருகிறது. ஒவ்வொரு முறையும் அவள் கணக்குப் போடுகிறாள்: அழுததற்கு விலை சுதந்திரம் என்றால், அடுத்த தடவை அழ வேண்டாம். அழைப்புகள் குறைகின்றன. 'இப்பல்லாம் பொண்ணு தெளிவாயிட்டா' என்று வீடு நிம்மதியடைகிறது. அந்த நிம்மதியை நம்பக் கூடாது.

'பெண்பிள்ளை விஷயத்தில் ஆபத்து நிஜம்தானே, பெற்றோர் பயப்படாமல் எப்படி இருப்பது?' என்பது நியாயமான கேள்வி. ஆபத்து நிஜம். அதனால்தான் செய்தி வரும் வழி அடைபடக் கூடாது. தொந்தரவு செய்தவனைப் பற்றி முதல் நாளே வீட்டில் சொல்லத் துணிகிற பெண், மூன்று மாதம் தனியே தாங்கிக்கொண்டு கிடக்கும் பெண்ணைவிடப் பாதுகாப்பாக இருக்கிறாள். பயத்தை வெளிக்காட்டாமல் இருப்பது முடியாத காரியம்; பயத்தில் உத்தரவு போடாமல் இருப்பது முடியும்.

உதவியும் அதிகாரமும்

மகளின் வேலையை நாமே முடித்துக்கொடுத்தால் என்ன கெடுதல்? யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் குழந்தைகளின் பதற்ற நோய்களை ஆராய்பவர். பிள்ளை பயப்படும் ஒவ்வொன்றையும் பெற்றோர் விலக்கிக் கொடுக்கும்போது அந்த நேரத்துப் பதற்றம் தணிகிறது, ஆனால் பதற்ற நோய் வேரூன்றுகிறது என்பது அவரது பணியின் அடிப்படை. 2020-ல் வெளியான ஆய்வில், 7 முதல் 14 வயதுவரையிலான 124 பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு நேரடியாக உளவியல் சிகிச்சை அளித்தனர். மற்றவர்களின் விஷயத்தில் பிள்ளையைச் சந்திக்காமலே, தங்கள் நடவடிக்கையை மாற்றிக்கொள்ளப் பெற்றோருக்கு மட்டும் பயிற்சி தந்தனர். பலன் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தது. சிறுவர்களைப் பற்றிய ஆய்வு என்பதால் இதை வயது வந்த மகளுக்கு அப்படியே பொருத்த முடியாது. கல்லூரி மாணவர்கள் 297 பேரிடம் ஹாலி ஷிஃப்ரின் குழுவினர் நடத்தி 2014-ல் வெளியிட்ட ஆய்வு அந்த இடைவெளியைக் கொஞ்சம் நிரப்புகிறது. பெற்றோரின் தலையீடு மிகுந்தவர்களிடம் மனச்சோர்வு அதிகமாகவும் வாழ்க்கையில் நிறைவு குறைவாகவும் இருந்தன. தன்னால் முடியும் என்ற எண்ணம் அடிபடுவது இதற்கு ஒரு காரணமாகத் தெரிந்தது. ஏற்கெனவே சோர்ந்திருக்கும் பிள்ளையிடம்தான் பெற்றோர் கூடுதலாகத் தலையிடுகிறார்களோ என்ற சந்தேகத்தை இத்தகைய ஆய்வால் தீர்க்க முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எதிர்ச் சான்றும் உண்டு. கேரன் ஃபிங்கர்மேன் குழுவினரின் 2012 ஆய்வில், பெற்றோரிடமிருந்து வாரத்தில் பலமுறை பலவகை உதவி பெற்ற இளைஞர்கள், அப்படிப் பெறாதவர்களைவிடத் தெளிவான இலக்கும் கூடுதல் நிறைவும் கொண்டிருந்தார்கள். கூட்டுக்குடும்ப மனோபாவம் இன்னும் விட்டுப்போகாத நமக்கு இது ஆறுதலான செய்தி. இரண்டு முடிவுகளும் மோதுவதாக எனக்குத் தோன்றவில்லை. ஒன்று உதவியை அளந்தது, மற்றது அதிகாரத்தை அளந்தது. மாசக் கடைசியில் கேட்டதும் இரண்டாயிரம் ரூபாய் அனுப்புவது உதவி. அனுப்பிவிட்டு ஸ்விகி கணக்கைக் காட்டச் சொல்வது அதிகாரம். வாடகை ஒப்பந்தத்தைப் படித்து விளக்குவது உதவி. வீட்டுக்காரருக்கு நாமே போன் போட்டுச் சண்டை பிடிப்பது மகளை ஓரத்தில் உட்கார வைப்பது.

அந்த அரை மணி நேரம்

அழைப்பு வந்ததும் முதல் சில நிமிடங்கள் குறுக்கே பேசாமல் கேட்பதுதான் மிகக் கடினமான வேலை. பிறகு, கேட்டதை ஒரு வரியில் திருப்பிச் சொல்லலாம்: 'எல்லார் முன்னாடியும் சொன்னது அவமானமா இருந்திருக்கும்.' இது வெறும் நாகரிகப் பேச்சன்று. உணர்ச்சிக்குப் பெயர் வைத்துச் சொல்லும்போது மூளையில் அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா பகுதியின் கிளர்ச்சி தணிவதை மேத்யூ லீபர்மன் குழுவினர் 2007-ல் காட்டினார்கள். அடுத்து ஒரு கேள்வி: 'நான் கேட்டுக்கிட்டா போதுமா, யோசனை ஏதாவது சொல்லணுமா?' பெரும்பாலும் 'கேளுங்க போதும்' என்றுதான் பதில் வரும். யோசனை கேட்டால்கூட, 'நீ என்ன பண்ணலாம்னு நினைக்கிறே?' என்பதே முதலில் வர வேண்டும்.

'சும்மா கேட்டுக்கொண்டே இருந்தால் அழுகை வளராதா?' என்ற ஐயம் சரியானது. அமாண்டா ரோஸ் இதை இளம் நண்பர்களிடையே ஆராய்ந்திருக்கிறார். ஒரே வருத்தத்தை இருவரும் சேர்ந்து மறுபடி மறுபடி கிளறுவதால் நட்பு நெருங்குகிறது. கூடவே, பெண்பிள்ளைகளிடம் மனச்சோர்வும் கூடுகிறது. அம்மாவும் மகளும் தினமும் ஒரு மணி நேரம் அதே ரூம்மேட்டைப் பற்றிப் பேசினால் அதுவும் இந்த வகைதான். அரை மணிக்கு மேல் அதே கதை சுற்றிச் சுற்றி வந்தால், 'இதைக் காலையில பேசலாம், இப்ப தூங்கு' என்று முடிக்கலாம். சொன்னபடி காலையில் பேசவும் வேண்டும்.

பெற்றோரின் உடம்பும் இதில் அடங்கும். வளர்ந்த பிள்ளைகளில் ஒருவர் சிரமத்தில் இருந்தால், மற்றவர்கள் நன்றாக இருப்பது அந்தக் கவலையை ஈடுகட்டுவதில்லை என்பது ஃபிங்கர்மேன் குழுவின் மற்றொரு முடிவு. ரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மருந்து சாப்பிடும் ஐம்பது வயதுக்காரருக்குத் தூக்கம் கெடுவது சின்ன விஷயமில்லை. அவசரமில்லாத பேச்சுக்கு ஒன்பது மணி என்று இருவரும் சேர்ந்து நேரம் வைத்துக்கொள்வதில் தவறே இல்லை.

'சாப்பிட்டியா?' நல்ல கேள்விதான்

அம்மாவின் இந்தக் கேள்வியைக் கேலி செய்கிறவர்கள் புள்ளிவிவரத்தைப் பார்க்கலாம். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையிலான பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருந்தது. ரத்தசோகையின் அசதியும் எரிச்சலும் மனச்சோர்வு போலவே தோன்றும். தைராய்டு குறைபாடும் அப்படித்தான். மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் மட்டும் வாழ்க்கையே வெறுத்து, அது தொடங்கிய சில நாட்களில் மனம் தெளிகிறது என்றால், இரண்டு மாதம் தேதி குறித்துவைத்து மகளிர் நல மருத்துவரிடம் காட்டலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. இந்த வயதுக்கு ஏழு முதல் ஒன்பது மணி நேரத் தூக்கம் தேவை. நள்ளிரவு ஷிஃப்ட், அதைத் தாங்க நான்கு காபி, காலை உணவு கிடையாது என்ற வாழ்க்கையில் யாருக்கும் அழுகை வரும்.

எப்போது காத்திருக்கக் கூடாது

அன்றாடக் கலக்கம் வந்து போகும். நடுவில் சிரிப்பு இருக்கும், சினிமா இருக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் சோர்வு, பிடித்தவற்றில் விருப்பமின்மை, தூக்கமோ சாப்பாடோ தலைகீழாவது, குளிக்கக்கூட எழாமல் கிடப்பது, வேலைக்கோ வகுப்புக்கோ போகாமல் இருப்பது ஆகியவை தெரிந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். 'நான் உங்களுக்கெல்லாம் பாரம்', 'நான் இல்லாம இருந்தா நல்லது' போன்ற பேச்சும், உடம்பைத் தானே காயப்படுத்திக்கொள்வதும், நீண்ட துயரத்துக்குப் பின் காரணமில்லாத திடீர் அமைதியும், பிரியமான பொருட்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுவதும் அன்றே கவனிக்க வேண்டியவை. 'சாகணும்னு தோணுதா?' என்று நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று பெற்றோர் தயங்குகிறார்கள். அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் கூடுவதில்லை என்று அதுவரையிலான ஆய்வுகளைத் தொகுத்த 2014 கட்டுரை ஒன்று சொல்கிறது. ஆமாம் என்று பதில் வந்தால் அவளைத் தனியே விடக் கூடாது. நாம் போய்ச் சேரும்வரை தோழியையோ விடுதிக் காப்பாளரையோ உடனிருக்கச் சொல்ல வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவிச் சேவையின் இலவச எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். மகள் மட்டுமல்ல, பெற்றோரும் அழைக்கலாம். உயிருக்கு ஆபத்து என்றால் 108.

வயது வந்த மகளின் சிகிச்சை விவரங்களைப் பெற்றோரிடம் மருத்துவர் சொல்ல மறுத்தால் கோபப்பட வேண்டாம். 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அவளுக்கு அந்த ரகசிய உரிமையைத் தருகிறது; உயிருக்கு அச்சுறுத்தல் இருக்கும் நிலை போன்ற சில விலக்குகளும் அதில் உண்டு. முதல் ஆலோசனைக்குக் கூட வரட்டுமா என்று கேட்கலாம், கட்டணத்தை ஏற்கலாம், வெளியே நாற்காலியில் காத்திருக்கலாம். உள்ளே என்ன பேசினாள் என்பதை ஆட்டோவில் திரும்பும்போதே விசாரிக்கத் தொடங்கினால், அடுத்த வாரம் அவள் தனியாகத்தான் போவாள், அல்லது போகவே மாட்டாள்.