சாப்பிடாமலே காலையில் சர்க்கரை ஏறுவது ஏன்? மருந்தைக் கூட்டும் முன் 3 மணி ரீடிங்கைப் பாருங்கள்

ராத்திரி படுக்கும்போது 6.8. காலையில் எழுந்ததும் 10.4. நடுவில் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. "ஒன்னுமே சாப்பிடலியே, எப்படி ஏறுச்சு?" என்று உங்கள் அம்மாவோ தாத்தாவோ கேட்டிருக்கலாம்.

ஹுத்தான் மெலிந்தாங்கிலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் 'இனிப்பு நீர்' இல்லாத இந்தியக் குடும்பத்தைப் பார்ப்பது கஷ்டம். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களை மட்டும் பார்த்தால் 31.4 விழுக்காடு. காலை ரீடிங் ஏறினால் பலர் செய்வது இரண்டு: ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்துவது, அல்லது தானாகவே மருந்தைக் கூட்டிக்கொள்வது. இரண்டுமே ஆபத்தாக முடியலாம்.

தூங்கும்போது என்ன நடக்கிறது?

நீங்கள் தூங்கினாலும் கல்லீரல் தூங்குவதில்லை. மூளைக்கும் இதயத்துக்கும் சக்தி வேண்டும் என்பதால், சேமித்து வைத்த குளுக்கோஸை இரத்தத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே இருக்கும். விடியற்காலை 3 மணிக்கு மேல் கார்ட்டிசோல், வளர்ச்சி ஹார்மோன் போன்றவை கூடும். உடலை எழுப்பத் தயார் செய்யும் வேலை இது. அப்போது கல்லீரல் இன்னும் அதிகமாகச் சர்க்கரையை விடும்; இன்சுலின் வேலை செய்யும் வேகமும் குறையும்.

நீரிழிவு இல்லாதவர்களுக்குக் கணையம் கூடுதல் இன்சுலின் சுரந்து சமாளித்துவிடும். நீரிழிவு உள்ளவர்களுக்கு அது முடியாது. அதனால் ரீடிங் ஏறுகிறது. இதைத்தான் மருத்துவர்கள் 'விடியற்காலை விளைவு' என்கிறார்கள்.

எல்லாருக்கும் அதே காரணமா?

இல்லை. முக்கியமாக மூன்று காரணங்களைப் பார்க்க வேண்டும். எது என்று கண்டுபிடிக்க, படுக்கும் முன், விடியற்காலை 3 மணி, எழுந்ததும் என மூன்று நேரம் சோதிக்க வேண்டும். ஒரே ராத்திரி போதாது. சில ராத்திரிகள் பார்த்து எழுதி வையுங்கள்.

• படுக்கும்போதே அதிகம், 3 மணிக்கும் அதிகம்: பிரச்சினை பெரும்பாலும் சாப்பாட்டில். ராத்திரி 10 மணிக்குச் சோறு, கடையில் ரொட்டி சானாய், கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக், படுக்கும் முன் மைலோ. மருந்து போதவில்லை என்பதாகவும் இருக்கலாம்.

• படுக்கும்போதும் 3 மணிக்கும் சரி, காலையில் அதிகம்: விடியற்காலை விளைவு. அல்லது ராத்திரி போட்ட இன்சுலின் விடியும் முன்பே தீர்ந்துபோகிறது.

• 3 மணிக்கு 4-க்கும் கீழே: இங்கேதான் கவனம் தேவை. சர்க்கரை இறங்கியதால் உடல் பதறி, அதைத் தூக்கிவிட ஹார்மோன்களை அனுப்பியிருக்கலாம். மைக்கேல் சோமோஜி என்ற விஞ்ஞானி 1930-களில் சொன்ன விளக்கம் இது. இப்படி நடப்பது அரிது என்றே பிந்தைய ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் ராத்திரியில் சர்க்கரை இறங்குவது அரிதல்ல.

மூன்றாவது வகையில் இருப்பவர், காலை ரீடிங்கை மட்டும் பார்த்து மருந்தைக் கூட்டினால் என்ன ஆகும்? சர்க்கரை இன்னும் கீழே போய், தூக்கத்திலேயே மயங்கிவிடலாம். இன்சுலின் போடுபவர்களும் கிளிக்லசைட் மாத்திரை எடுப்பவர்களும் இதில் கூடுதல் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். தலையணை நனையும் அளவுக்கு வியர்வை, கெட்ட கனவு, எழுந்ததும் தலைவலி என்றால் சந்தேகப்படுங்கள்.

ரீடிங் 4-க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கக் கொடுத்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பச் சோதியுங்கள். மயங்கிய நிலையில் இருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உடனே 999-ஐ அழையுங்கள்.

வீட்டில் என்ன மாற்றலாம்?

ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தாதீர்கள். சீக்கிரம் சாப்பிட்டு, சோற்றைக் குறைத்து, காய்கறியையும் மீனையும் கூட்டுங்கள். சாப்பிட்ட பிறகு 15 நிமிடமாவது நடங்கள். இன்சுலின் போடும் நேரத்தையும் அளவையும் டாக்டர் சொல்லாமல் மாற்ற வேண்டாம். சில நேரம் அளவைக் கூட்டவே தேவையிருக்காது. போடும் நேரத்தை மாற்றினாலே சரியாகிவிடும்.

இன்னொன்று. தமிழ்நாட்டு யூடியூப் வீடியோக்களில் '126' என்று சொன்னால் பதற வேண்டாம். அங்கே அளவு முறை வேறு. அதை 18-ஆல் வகுத்தால் நம் மீட்டரில் வரும் 7.0. மலேசியாவில் வெறும் வயிற்றில் பொதுவான இலக்கு 4.4 முதல் 7.0 வரை. வயதானவர்களுக்கு டாக்டர் வேறு இலக்கு வைக்கலாம்.

அடுத்த முறை அரசாங்கக் கிளினிக்கிற்கு அப்பாவையோ பாட்டியையோ அழைத்துப் போகும்போது, மூன்று நேர ரீடிங்கையும், ராத்திரி என்ன சாப்பிட்டார், மருந்து எத்தனை மணிக்கு எடுத்தார் என்பதையும் போனில் குறித்துக்கொண்டு போங்கள். காலை ரீடிங் ஒன்றை மட்டும் வைத்து டாக்டராலும் காரணத்தைச் சொல்ல முடியாது.