ஓடுகிற கடிகாரம் நிஜமா?

ஆன்லைன் கடையில் ஒரு ஷூ பார்க்கிறீர்கள். விலைக்குப் பக்கத்தில் சிவப்பு எழுத்து ஓடுகிறது: ‘சலுகை முடிய இன்னும் 9 நிமிடம்!’ அதன் கீழே, ‘இப்போது 17 பேர் இதைப் பார்க்கிறார்கள்.’ மனசு பரபரக்கிறதா? அந்த எழுத்தை அங்கே வைத்ததே அதற்காகத்தான்.

ஒரு சின்னச் சோதனை செய்யலாம். பக்கத்தை மூடி, ஐந்து நிமிடம் கழித்துத் திறந்து பாருங்கள். கடிகாரம் 4 நிமிடம் காட்டினால் சரி. மறுபடியும் 9 என்று தொடங்கினால்?

அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தார்கள். சுமார் 11,000 கடைத் தளங்களை மனிதர்கள் உட்கார்ந்து பார்த்து முடிக்க முடியுமா? அதனால், பொருள் வாங்க வந்தவர் மாதிரி நடிக்கிற ஒரு புரோகிராம் எழுதினார்கள். அது நிறமும் அளவும் தேர்ந்தெடுக்கும், கூடையில் போடும், பணம் கட்டும் பக்கம் வரை போகும். ஆனால் வாங்காது! வழியில் திரையில் வந்த வாசகங்களைச் சேர்த்துக்கொள்ளும். ஏறக்குறைய 53,000 பொருட்களின் பக்கங்களிலிருந்து திரட்டியதை ஆய்வாளர்கள் அலசினார்கள். 2019இல் முடிவு வெளியானது. மொத்தம் 1,818 தந்திரங்கள் சிக்கின.

அவற்றில் சில கடிகாரங்கள், பக்கத்தைப் புதுப்பித்ததும் முதலிலிருந்து ஓடின. வேறு சில பூஜ்யத்தைத் தொட்டன. ஆனாலும் சலுகை அப்படியே இருந்தது. ‘இத்தனை பேர் பார்க்கிறார்கள்’ என்ற எண்ணிக்கையோ இன்னும் வேடிக்கை. சில தளங்களின் நிரல்வரிகளைப் படித்தபோது, சீட்டுக் குலுக்கி எடுப்பதுபோல் கம்ப்யூட்டரே ஏதோ ஓர் எண்ணை எடுத்துப் போட்டது தெரிந்தது. அந்த 17 பேர் யாருமே இல்லை!

ஏன் இந்த வேலை? நேரம் போகிறது என்று தோன்றினால் வேறு கடையில் விலை பார்க்க மாட்டோம். ‘இது நமக்குத் தேவையா?’ என்று யோசிக்கவும் மாட்டோம். கடைக்கு வேண்டியது அதுதான். எல்லாக் கடிகாரமும் பொய் என்று சொல்லவில்லை. ரயில் டிக்கெட்டுக்குப் பணம் கட்டும்போது ஓடுகிற நேரம் நிஜம். தவறவிட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

இந்த மாதிரி ஏமாற்று வடிவமைப்புகளுக்கு ‘டார்க் பேட்டர்ன்’ என்று 2010இல் பெயர் வைத்தவர் ஹாரி பிரிக்னல் என்ற பிரிட்டிஷ் வடிவமைப்பாளர். விளையாட்டுகளிலும் இவை உண்டு. ஃபோர்ட்நைட் விளையாட்டில், ஒரு பொருளைச் சும்மா பார்க்க நினைத்துப் பக்கத்துப் பட்டனை அழுத்தினாலே அதை வாங்கியதாகிவிடுகிறது என்று அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் குற்றம் சாட்டியது. விளையாடியவர்களுக்குத் திருப்பித் தருவதற்காக 24.5 கோடி டாலர் கட்ட, 2022 டிசம்பரில் எபிக் கேம்ஸ் நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஒரு பட்டனை எங்கே வைப்பது என்பது எவ்வளவு பெரிய விஷயம் பாருங்கள்!

இந்தியாவிலும் 2023 நவம்பர் 30 முதல் இதற்கு விதிமுறைகள் உண்டு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 வகைத் தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடை செய்திருக்கிறது. கேட்காமலே கூடையில் நன்கொடையோ காப்பீடோ சேர்ப்பது, ‘வேண்டாம்’ என்பவரைக் குற்ற உணர்ச்சிக்கு ஆளாக்குவது எல்லாம் அதில் இருக்கின்றன. பட்டியலில் முதலாவது எது தெரியுமா? பொய்யான அவசரம்.

அடுத்த முறை வீட்டில் யாராவது ஆன்லைனில் வாங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள். சந்தேகமான கடிகாரம் தென்பட்டால், இருமுறை திறந்து இரண்டு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், அதுதான் சான்று. புகார் செய்யப் பெரியவர்களிடம் சொல்லுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.